அப்பாவின் கால்

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கை நடுக்கம் தணிந்திருந்தது. ஆனால் நிலைப்படியருகே வந்ததும் அப்பாவின் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது.

"உன் காலை என் முன்னால் நீட்டு" என்றார். நீட்டினேன். அதைத் தாண்டத் தூக்கிய கால் அப்படியே நடக்கத் தொடங்கிவிட்டது!

மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் குறைவுதான் அப்பாவுக்கு வந்த பார்கின்சன் நோய் என்கிறோம். இந்த நோயோடு இறந்தவர்களின் மூளையில் 1960இல் அந்தக் குறையைக் கண்டார்கள். பிறகு மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை வந்தது, முடங்கியவர்கள் எழுந்தார்கள். மறுக்கவில்லை.

ஆனால் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போனது. மலச்சிக்கல் வேறு. தூக்கத்தில் யாரையோ உதைப்பார் (வாங்கியது அம்மா). இந்த நோயில் மூளையில் மட்டுமல்ல, குடல் நரம்புகளிலும் ஆல்ஃபா சினியூக்ளின் என்ற புரதம் படிகிறதே, அதை இந்த மாத்திரை தொடுவதில்லை.

டோபமின் குறைவது நோயா, நோய் நடந்துபோன தடமா?

கேட்கத் திரும்பினேன். அப்பா அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தார்.