ஆர்வெல் சொன்ன டீ: மூன்று வாரம் போட்டுப் பார்த்தது

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் பத்திகளை வாரத்துக்கு ஒன்றாகப் படிக்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. நாவல்கள் முன்பே படித்தவை. ட்ரிப்யூன் வார இதழில் 1943 டிசம்பர் தொடங்கி 1947 வரை, நடுவில் இடைவெளி விட்டு, 80 பத்தி எழுதியிருக்கிறார். தொடங்கியபோது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1944 ஜூனில் அவர் குடியிருந்த வீடே குண்டு விழுந்து நாசமானது. அதே வருடம் ஜனவரியில், உல்வொர்த் கடையில் ஆறு பென்னிக்கு விற்ற ரோஜாச் செடியைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோதுதான் அவர்மேல் எனக்குப் பிரியம் கூடியது.

டீ போடுவது பற்றி அவர் எழுதியது 1946 ஜனவரி 12, ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழில். மொத்தம் பதினோரு விதி. மனைவி ஐலீன் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். தத்தெடுத்த சின்னப் பிள்ளையோடு லண்டனில் இருந்தார். இதைப் படித்ததோடு விட மனசில்லை.

முதல் வாரம் வீணாய்ப் போனது. இந்தியத் தேயிலை அல்லது சிலோன் தேயிலைதான் வேண்டும் என்கிறார் (அவரே பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர்). வீட்டில் இருந்த டஸ்ட் டீயைப் போட்டேன். வடிகட்டி கூடாது என்பது இன்னொரு விதி. குடித்து முடிப்பதற்குள் வாயெல்லாம் மண்ணை மென்ற மாதிரி ஆகிவிட்டது. அவர் நினைத்தது முழு இலை. அது வெந்நீரில் விரிந்து அடியில் படிந்துவிடும்.

இரண்டாம் வாரம் சிலோன் இலைத் தேயிலை, பீங்கான் ஜாடி. ஜாடியை முன்கூட்டியே சூடு பண்ணி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் கெட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். கோப்பையில் முதலில் டீ, பிறகு பால். பாலில் தூளைக் கொதிக்கவிட்டே பழகிய எனக்கு இது புதுசு. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலை விடும்போது, எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. அவர் சொன்ன காரணமும் அதுதான். சர்க்கரையை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள் என்கிறார். பத்தாம் நாள் நாக்கு ஒத்துக்கொண்டது.

மூன்றாம் வாரம்தான் முக்கியமானது. அப்போது டீ ரேஷன். இரண்டு அவுன்ஸில், அதாவது 57 கிராமில், ஒழுங்காகப் போட்டால் இருபது கோப்பை திடமான டீ கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார். ஒரு குவார்ட் ஜாடிக்கு, சுமார் 1.1 லிட்டருக்கு, ஆறு தேக்கரண்டி குவித்துப் போடச் சொல்கிறார். தராசில் நிறுத்துப் பார்த்தேன். என் குவியல் 3 கிராம் வந்தது. அப்படியானால் மூன்று ஜாடிதான், பதினைந்து பதினாறு கோப்பைக்கு மேல் வராது. கரண்டியைக் கொஞ்சம் தட்டி 2.3 கிராமாக்கினேன். ஜாடிக்கு 14 கிராம், ஜாடிக்கு ஐந்து கோப்பை, நாலு ஜாடி. இருபது! ரேஷன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்த மனிதரின் கணக்கு இது.

இலை தண்ணீரைக் குடித்துவிடுவதால் ஐந்தாவது கோப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குறைகிறது. நாளை ஜாடியில் அந்த ஒரு வாய்த் தண்ணீரைக் கூட்டி ஊற்றப் போகிறேன்.