ஐம்பதுக்கு மேல் ஒரு ஹேண்டிகேப்

திருப்பூரில் பனியன் தொழிலிலேயே 27 வருஷம் ஓடிவிட்டது. கம்பெனியை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். சும்மா நடக்கப் பிடிக்காமல், நண்பரோடு செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குப் போனேன். அப்போது வயது 51. ஆறே மாதத்தில் கிறுக்கு பிடித்துவிட்டது. "அம்பது தாண்டிருச்சல்லங்க, சீனியர் டூருக்கே போயிரலாம்" என்று நண்பர் கேலி செய்தார். நான் அதை நிஜமாகவே விசாரிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் 50 வயது நிரம்பியவர்களுக்கான டூர், அதாவது தொழில்முறை போட்டித் தொடர், 1980-ல் தொடங்கியது. இன்றைய பெயர் பிஜிஏ டூர் சாம்பியன்ஸ். பெரும்பாலான போட்டிகள் மூன்றே நாள், 54 குழி. பாதியில் ஆட்களைக் கழிப்பது அதிகம் இல்லை, பல போட்டிகளில் வண்டியிலும் போகலாம். கேட்டால் நம்மைப் போன்றவர்களுக்காகவே வைத்தது போல இருக்கும். ஆனால் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இளவயதில் பெரிய டூரில் ஜெயித்தவர்கள். தகுதிச் சுற்று வழியாக முழு அனுமதி கிடைப்பது வருஷத்துக்கு 5 பேருக்குத்தான். அங்கே பெர்ன்ஹார்ட் லாங்கர் என்றொரு ஜெர்மன்காரர். 2024 பிப்ரவரியில் பிக்கிள்பால் என்ற மட்டைப்பந்து ஆடும்போது அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்துபோனது. அதே வருஷம் நவம்பரில், 67 வயதில், அந்த டூரில் தன் 47-வது பட்டத்தை ஜெயித்தார். எனக்கோ மாடிப்படி ஏறினாலே முட்டி சத்தம் போடுகிறது.

சரி, டூர் கிடக்கட்டும், நாம் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று ஹேண்டிகேப் வாங்க இறங்கினேன். ஆட்டத் திறமையைக் காட்டும் எண் அது, குறைவாக இருந்தால் நல்லது. குறைந்தது 54 குழிக்கான ஸ்கோர் அட்டைகள் வேண்டும், அதாவது மூன்று முழு ஆட்டம். கூட ஆடுகிறவர் ஒவ்வொரு அட்டையிலும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் அட்டையில் வாங்க மறந்துவிட்டேன், திரும்பி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்.

காகித வேலை அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் எண்ணுவதில்தான். அதுவரை குழிக்குப் பக்கத்தில் பந்து நின்றால் "விடுங்க, அது போன மாதிரிதான்" என்று எடுத்துக்கொள்வோம். புதருக்குள் அடித்தது கணக்கிலேயே வராது. அதனால்தான் 95 அடியில் ஆட்டத்தை முடிக்கிறவன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒழுங்காக எண்ணிய முதல் நாள் 112.

அதுவும் ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவது போல என் பந்தையும் சுற்றிவிட்டது. ஒரு பார் 4 குழியில், அதாவது நல்ல ஆட்டக்காரர் 4 அடியில் முடிக்க வேண்டிய குழியில், 12 அடி அடித்தேன். புதியவருக்கு ஒரு குழியில் பார் கூட்டல் 5-தான் உச்சம் என்பதால் கணக்கில் 9 மட்டும் ஏறியது, மானம் கொஞ்சம் தப்பியது. மட்டைப் பையைத் தூக்கி வரும் என் கேடி சின்னப் பையன். பந்துக்கு முன்னால் நான் பேர்த்த மண்ணைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, மம்பட்டி எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றான். பதிலுக்குத் திட்ட வாய் வரவில்லை.

அடுத்த இரண்டும் 108, 105. மூன்று அட்டை மட்டும் இருக்கும்போது இருப்பதில் சிறந்ததை எடுத்து அதிலும் 2 கழிக்கிறார்கள். அப்படியும் என் எண் 30-ஐ ஒட்டி வந்தது. டூர்க்காரர்களுக்கு இது பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும் என்று கணக்குப் போட்ட நண்பர் அதன்பிறகு கேலி செய்யவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது.

அட்டைகள் 20 சேர்ந்த பிறகு சிறந்த 8-இன் சராசரிதான் எண். எனக்கு 20 சேர ஏழு மாதம் ஆனது. இப்போது 24. தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு ஏழாம் நம்பர் இரும்பு மட்டையால் ஆரம்பிக்கிறேன். தூரம் குறைவு, ஆனால் பந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கிடக்கிறது. மறுபடி ஆடி வருகிறது. அந்த பார் 4-ல் இந்த முறை ஆறுக்குள் முடித்துக்காட்டுவதாகப் பையனிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். தோற்றால் அவனுக்கு அன்னூர் பக்கம் ஆட்டுக்கறிச் சாப்பாடு.