லாகின் சேவையின் வெப்ஹுக்கை சிக்னேச்சர் பார்த்து வாங்கிய கதை

லாகினை நாமே எழுதாமல் கிளெர்க் மாதிரி ஒரு சேவையிடம் கொடுத்துவிட்டால் பாஸ்வேர்டு, ஓடிபி, கூகுள் லாகின் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் எங்கள் பயிற்சி வகுப்பு ஆப்பில் கட்டணம், வருகைப் பதிவு, சான்றிதழ் எல்லாமே ஒரு யூசர் ஐடியோடு கட்டப்பட்டிருக்கின்றன, அதனால் யூசர் டேபிளின் ஒரு பிரதி எங்கள் டேட்டாபேஸிலும் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பக்கம் ஒருவர் கணக்கு தொடங்கினால், பெயரை மாற்றினால், கணக்கை அழித்தால் இந்தப் பக்கம் தெரிய வேண்டும். அதற்குத்தான் வெப்ஹுக்: அவர்கள் நம் சர்வரில் ஒரு முகவரிக்கு போஸ்ட் வேண்டுகோளாக ஒரு செய்தி அனுப்புவார்கள், நாம் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இதில் கவனம் வைக்க வேண்டிய இடங்கள் நிறைய, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், சிக்னேச்சர் எதற்கு. செய்தி உண்மையிலேயே அவர்களிடமிருந்துதான் வந்தது என்று காட்ட அதோடு வரும் முத்திரைதான் சிக்னேச்சர். அந்த முகவரி இணையத்தில் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் அதற்கு ஜேசன் (விவரங்களை எழுத்தாக அனுப்பும் வடிவம்) அனுப்பலாம். சில வெப்ஹுக்குகளில் பொய்ச் செய்தி வந்தால் ஒரு தப்பான அறிவிப்பு போகும், அவ்வளவுதான். லாகின் சேவையின் வெப்ஹுக்கில் பொய்ச் செய்தி வந்தால் யாரோ ஒருவர் நம் நிறுவனக் கணக்கில் அட்மின் ஆகிவிடலாம். எங்கள் ஆப்பில் யார் ஆசிரியர், யார் நிர்வாகி என்பதே இந்தச் செய்தியிலிருந்துதான் பதிவாகிறது. ஆகவே சிக்னேச்சர் சரிபார்ப்பு முடியாமல் ஒரு வரி கூட டேட்டாபேஸில் எழுதக்கூடாது என்பதை முதல் விதியாக வைத்தோம்.

கிளெர்க் தன் வெப்ஹுக்குகளை ஸ்விக்ஸ் என்ற சேவை வழியாக அனுப்புகிறது. டாஷ்போர்டில் முகவரியைக் கொடுத்து, என்னென்ன நிகழ்வுகள் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் ஒரு சீக்ரெட், அதாவது அவர்களுக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ரகசிய எழுத்துத் தொடர், கிடைக்கும். ஒவ்வொரு முகவரிக்கும் தனி சீக்ரெட். டெஸ்டிங் சர்வருக்கு ஒன்று, உண்மையான சர்வருக்கு ஒன்று, இணையத்திலிருந்து லேப்டாப்புக்கு டனல் என்ற தற்காலிக வழி போட்டுப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்தோம், எதுவும் கிட்டில் (கோடைச் சேமித்துப் பகிரும் இடத்தில்) ஏறாமல் பார்த்துக்கொண்டோம். நிகழ்வுகளையும் தேவையானவை மட்டும் எடுங்கள், எல்லாவற்றையும் டிக் செய்தால் ஒவ்வொரு செஷனுக்கும், அதாவது ஒருவர் லாகின் செய்யும் ஒவ்வொரு முறையும், சர்வர் தட்டப்படும்.

அடுத்து நின்ற இடம் எங்கள் சொந்த லாகின் மிடில்வேர், அதாவது வரும் வேண்டுகோள்களை எல்லாம் முதலில் சோதிக்கும் கோடு. செஷன் இல்லாத எந்த வேண்டுகோளையும் அது லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும், வெப்ஹுக் அனுப்புபவரிடம் செஷன் ஏது? ஸ்விக்ஸ் கணக்கில் பதில் எண் 200 முதல் 299 வரை வந்தால்தான் வெற்றி, திருப்பிவிட்டால் அதுவும் தோல்விதான். அந்த ஒரு பாதையை மட்டும் மிடில்வேரிலிருந்து விலக்கினோம். அங்கே காவல் சிக்னேச்சர் மட்டுமே.

சரி, சிக்னேச்சர் எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஒவ்வொரு செய்தியின் உள்ளடக்கத்தோடும் (இதுதான் பாடி) மூன்று ஹெடர்கள், அதாவது மேற்குறிப்புகள், வரும்: செய்தியின் ஐடி, அனுப்பிய நேரம், சிக்னேச்சர். ஐடி, ஒரு புள்ளி, நேரம், இன்னொரு புள்ளி, பிறகு பாடி முழுவதும் என்று ஒட்டி, சீக்ரெட்டை வைத்து ஹெச்மேக் ஷா-256 என்ற கணக்கைப் போட்டு, விடையை பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் வருவதுதான் சிக்னேச்சர். சீக்ரெட்டை அப்படியே சாவியாகப் போடக்கூடாது, முன்னால் ஒட்டியிருக்கும் அடையாள எழுத்துகளை அடிக்கோடு வரை நீக்கிவிட்டு மீதியை பேஸ்64-லிருந்து பிரித்து வரும் பைட்டுகள்தான் சாவி. இதற்கு லைப்ரரி இருக்கிறது, கிளெர்க் தரும் கோடு தொகுப்பான எஸ்டிகேயிலேயே சரிபார்க்கும் ஃபங்ஷன் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனாலும் ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தேன், எல்லோரும் அப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் தோல்வி வரும்போது எந்த இடத்தில் பிசகுகிறது என்று அப்போதுதான் புரியும்.

பெரும்பாலும் பிசகுவது பாடியில். ஜாவாஸ்கிரிப்ட் சர்வருக்கு எக்ஸ்பிரஸ் என்ற கட்டமைப்பைப் போட்டிருப்பவர்கள் ஆப் முழுவதற்கும் ஜேசன் பார்சரை (ஜேசனைப் பிரித்து ஆப்ஜெக்ட் ஆக்குவதை) மேலேயே வைத்திருப்பார்கள், நம் வெப்ஹுக் கோடின் கைக்கு வரும்போது பாடி ஏற்கனவே ஆப்ஜெக்ட் ஆகியிருக்கும், அதை மறுபடி ஸ்டிரிங் ஆக்கி சரிபார்க்கப் போவார்கள். ஒருவர் எழுதிய கடிதத்தை வேறு தாளில் நகலெடுத்துவிட்டு அந்த நகலில் அரக்கு முத்திரையைத் தேடுவது போலத்தான் அது. ஹெச்மேக்கைப் பொறுத்தவரை அர்த்தம் ஒன்றாக இருந்தால் போதாது, பைட் ஒன்றாக இருக்க வேண்டும். அனுப்பியவர் காற்புள்ளிக்குப் பின் இடம் விட்டிருக்கலாம், 1.0 என்று எழுதியது 1 ஆகலாம். தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்: பைத்தானின் ஜேசன் லைப்ரரி, நாம் வேறு சொல்லாவிட்டால், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை யூனிகோட் எண்களாக மாற்றி எழுதும், ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துகளை அப்படியே எழுதும். நடுவில் வேண்டுகோளைக் கடத்திவிடும் ஒரு கேட்வே பாடியைப் பிரித்துத் திரும்ப எழுதினால், ஆங்கிலப் பெயரோடு அனுப்பிய டெஸ்ட் செய்தி தேறிவிட்டு, தமிழ்ப் பெயர் உள்ள உண்மையான யூசரின் செய்தி மட்டும் தோற்பது நடக்கக்கூடியதே. அதனால் எங்கள் டெஸ்ட் செய்திகளில் தமிழ்ப் பெயர்களையே வைத்தோம். தீர்வு என்னவோ சின்னது: அந்தப் பாதைக்கு மட்டும் ஜேசன் பார்சருக்கு முன்னாலேயே ரா பார்சரைப் போட்டு, வந்த பைட்டுகளை அப்படியே சரிபார்ப்புக்குக் கொடுத்து, தேறிய பிறகுதான் பார்ஸ் செய்வது.

நேர ஹெடரும் சும்மா வருவதில்லை. யாராவது பழைய செய்தியைப் பிடித்து வைத்து அப்படியே திரும்ப அனுப்பினால் சிக்னேச்சர் சரியாகவே இருக்கும், அதைத் தடுக்க ஸ்விக்ஸ் லைப்ரரி 5 நிமிடத்துக்கு மேல் முன்பின்னாக இருந்தால் நிராகரிக்கிறது. அதற்கு நம் சர்வர் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், கடிகாரத்தை இணையம் வழியாகச் சரிசெய்யும் என்டிபி ஓடுகிறதா என்று பாருங்கள். பல மணி நேரம் கழித்து வரும் மறுமுயற்சி இதில் அடிபடாதா என்று எங்கள் குழுவில் கேட்டார்கள். அடிபடாது, ஒவ்வொரு முயற்சிக்கும் புது நேரம், புது சிக்னேச்சர். ஐடி மட்டும் மாறாது.

அந்த மாறாத ஐடியை நம்பித்தான் அடுத்த பகுதி. ஒரே செய்தி இரண்டு முறை வரும், வரிசை மாறியும் வரும், இதை எதிர்பார்த்தே எழுத வேண்டும். வந்த செய்தியின் ஐடியை ஒரு டேபிளில் யுனீக்காக எழுதுகிறோம், பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் கியூவில் போடுகிறோம், உடனே 200 சொல்லிவிடுகிறோம். ஸ்விக்ஸ் 15 நொடிதான் காத்திருக்கும், வரவேற்பு மெயில் அனுப்புவதெல்லாம் அந்த நேரத்துக்குள் செய்கிற வேலை அல்ல. யூசர் மாற்றச் செய்தி, யூசர் உருவான செய்திக்கு முன்னாலேயே வரலாம் என்பதால் எல்லாமே அப்சர்ட், அதாவது பதிவு இருந்தால் மாற்று, இல்லையென்றால் புதிதாக எழுது. செய்திக்குள் இருக்கும் 'அப்டேட்டட் அட்' நேரம் நம்மிடம் இருப்பதைவிடப் பழையது என்றால் தொடாமல் விட்டுவிடுவோம்.

கணக்கு அழிப்புக்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன். அழித்த செய்தியில் ஐடியும், அழிக்கப்பட்டது என்ற குறியும் தவிர அநேகமாக ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்து நம் டேபிளில் அவருடைய வரிசையை (ரோவை) டெலீட் செய்துவிட்டோம் என்று வையுங்கள், பின்னால் தாமதமாக வரும் ஒரு மாற்றச் செய்தி அப்சர்ட்டில் புகுந்து அந்த ஆளை மறுபடி உயிர்ப்பித்துவிடும். தன் விவரத்தை அழிக்கச் சொன்னவரின் போன் நம்பர் நம்மிடம் திரும்ப வந்து உட்காரும், அது அவருக்குச் செய்கிற துரோகம். எனவே பெயர், மெயில், போன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஐடியையும் அழித்த தேதியையும் மட்டும் வைத்துக்கொள்கிறோம், அந்த ஐடிக்கு அப்புறம் எது வந்தாலும் ஏற்பதில்லை. சர்வர் நடந்ததை எழுதிவைக்கும் லாகிலும் செய்தியின் ஐடி மட்டுமே, பாடியை லாக் செய்வதில்லை.

சர்வர் விழுந்தால்? ஸ்விக்ஸ் உடனே ஒருமுறை, பிறகு 5 நொடி, 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி, 5 மணி, 10 மணி, மறுபடி 10 மணி என்று இடைவெளி விட்டு முயலும். அதற்குப் பிறகும் தவறியவற்றை டாஷ்போர்டிலிருந்து திரும்ப அனுப்பச் சொல்லலாம். இருந்தாலும் இரவில் ஒரு ஜாப் கிளெர்க்கின் யூசர் பட்டியலை ஏபிஐ வழியாக எடுத்து நம் டேபிளோடு ஒப்பிடுகிறது. இன்னொன்று, கணக்கு தொடங்கிய அடுத்த நொடியே முகப்புப் பக்கத்துக்கு வருபவரின் வரிசை நம் டேபிளில் இன்னும் வந்திருக்காது. அந்த இடத்தில் வெப்ஹுக்குக்காகக் காத்திருக்க வைக்காமல், செஷன் டோக்கனில் இருக்கும் ஐடியை வைத்து நாமே வரிசையை உருவாக்கிக்கொள்கிறோம்.

கடைசியாக சீக்ரெட் மாற்றம். குழுவிலிருந்து ஒருவர் விலகியபோது மாற்ற வேண்டி வந்தது. ஸ்விக்ஸில் புதிய சீக்ரெட் எடுத்தால் பழையதும் 24 மணி நேரம் செல்லும், அந்த நேரத்தில் சிக்னேச்சர் ஹெடரில் இடைவெளி விட்டு இரண்டு சிக்னேச்சர்கள் வரும். ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். கையால் எழுதுபவர்கள் முதல் சிக்னேச்சரை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் அன்றைக்கு எல்லாம் நின்றுவிடக்கூடும்; ஒப்பிடுவதையும் சாதாரண சமக்குறியால் செய்யாமல், எவ்வளவு பொருந்தியது என்பதை எடுத்துக்கொள்ளும் நேரத்தால் காட்டிக்கொடுக்காத ஒப்பீட்டு ஃபங்ஷனால் செய்யுங்கள். எங்கள் டெஸ்டில் இப்போது இரட்டை சிக்னேச்சர், பாடியில் ஒரு பைட் மாறிய செய்தி, 6 நிமிடம் பழைய செய்தி, அழித்த பிறகு வரும் மாற்றச் செய்தி எல்லாம் இருக்கின்றன. இவற்றில் ஒன்று தவறினாலும் புதிய கோடு உண்மையான சர்வருக்கு டெப்ளாய் போகாது.