ராயபுரம் வீட்டில் மோக்கா மூஸ்: இதுவரை செய்தது

பான்டோன் 2025ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்த மோக்கா மூஸ், ஒரு காபிப் பழுப்பு. அதை ஹாலில் அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் படங்களில் அந்த நிறம் அடித்த வீடுகளுக்கெல்லாம் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். எங்களுடையது ராயபுரத்துச் சந்தில் இரண்டு பக்கமும் ஒட்டுச்சுவர் உள்ள பழைய வீடு. வெளிச்சம் வாசல் வழியாகவும் பின்கட்டு வழியாகவும் வந்தால்தான் உண்டு. பகலிலேயே டியூப்லைட் எரியும்.

பான்டோன் பெயின்ட் கம்பெனி இல்லை. அச்சு, துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிறங்களுக்கு எண் போடுகிற அமெரிக்க நிறுவனம். மோக்கா மூஸின் எண் 17-1230. அதனால் கடையின் ஷேட் கார்டில் அதற்குப் பக்கத்தில் வரும் ஷேடைத்தான் தேட வேண்டும். அப்போது எல்.ஆர்.வி. என்ற எண்ணையும் பாருங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. எங்கள் ஹால் மாதிரி இடத்தில் நாலு சுவரிலும் எண் குறைந்த ஷேடை அடித்தால் குகைதான்.

சாம்பிள் டப்பா வாங்கி, பழைய காலண்டர் அட்டையில் இரண்டு கோட்டு அடித்துக் காயவிட்டேன். அட்டையாக இருந்தால் சுவர் சுவராக எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்க்கலாம். டியூப்லைட்டுக்குக் கீழே வைத்ததும் அம்மா, “என்னடா இது, சாணி மெழுகின மாதிரி இருக்கு?” என்றார். தப்பில்லை. 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு) வெள்ளை வெளிச்சத்தில் நீலம் தூக்கல். பழுப்பில் இருக்கும் சிவப்பை அமுக்கிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. போட்டதும் அதே அட்டை உயிர் பெற்றது. அதனால் வாசலைப் பார்த்த சுவருக்கு மட்டும் பழுப்பு, மற்ற மூன்றுக்கும் கிரீம், பல்பும் மாற்றம் என்று முடிவு.

நடையில் உள்ள சுவருக்கும் அதே பழுப்பு என்றதும் பெயின்டர் அண்ணன் தடுத்துவிட்டார். “வேணாம் தம்பி. இந்தச் செவுத்துல ஓதம் இருக்கு. டார்க் கலர்ல உப்பு பூத்தா வெள்ளை வெள்ளையா காட்டிக்குடுத்துடும்.” ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி வைத்தோம். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அது சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து அடைத்தால் கொப்புளம் கட்டி உரியும்.

அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது லைம்வாஷ் என்று வெளிநாட்டில் காசு கொட்டிச் செய்கிறார்களே, அது நம் வெள்ளையடிப்புதானே? பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, நீர்த்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, செங்காவி கலந்தோம். மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்; எல்லாச் சாயமும் தாங்காது. சுவரை நனைத்துவிட்டு, மோர் பதத்தில், பிரஷைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடிக்க வேண்டும். எமல்ஷன் காய்ந்தால் கொஞ்சம் அடர்த்தியாகும். இது நேர்மாறு. ஈரத்தில் செங்கல் சிவப்பாக இருந்தது, காய்ந்தபின் வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. பிரஷ் போன தடம் மேகம் மேகமாகத் தெரிகிறது. ஹாலைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சுண்ணாம்பில் கை வைக்காதீர்கள்.

பான்டோனின் 2026ஆம் ஆண்டு நிறம் கிளவுட் டான்சர் என்ற வெள்ளை. அம்மாவிடம் சொன்னேன். “வெள்ளையடிக்கிறதுக்கு எதுக்குடா அறிவிப்பு?” என்று கேட்டுவிட்டு சீரியலுக்குத் திரும்பிவிட்டார்.

பாக்கி இருப்பது கதவு, ஜன்னல் எனாமல். பழுப்புக்குப் பக்கத்தில் இப்போதுள்ள பச்சை ஒட்டவில்லை. தேக்கு தெரியும்வரை சுரண்டி வார்னிஷ் அடிக்கலாமா என்று ஒரு ஜன்னல் கதவில் உப்புத்தாள் போட ஆரம்பித்திருக்கிறேன்.