ஸ்பேனர் சாய்ந்தால் திருப்பு விசை என்ன ஆகும்?

கார் சக்கர நட்டை 110 நியூட்டன் மீட்டர் திருப்பு விசைக்கு (விசை × செங்குத்துத் தொலைவு) இறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25 செ.மீ. ஸ்பேனர் படுக்கைவாட்டில் நிற்கிறது, அதன் முனையில் நேர்கீழாக அழுத்துகிறோம். 110-ஐ 0.25-ஆல் வகுத்தால் 440 நியூட்டன். அதாவது சுமார் 45 கிலோ எடை. அதே ஸ்பேனர் 40 பாகை கீழே சாய்ந்திருந்தால்? நம் எடை அப்போதும் நேர்கீழாகத்தான் இறங்கும். ஆகவே நட்டின் மையத்திலிருந்து விசைக் கோட்டுக்கான செங்குத்துத் தொலைவு 0.25 × காஸ் 40, ஏறக்குறைய 0.19 மீட்டர்தான். தேவைப்படும் விசை 574 நியூட்டனாகிவிடும், கிட்டத்தட்ட 58.5 கிலோ.

சைனா, காஸா என்று குழம்புவது இங்கேதான். சூத்திரத்தில் (திருப்பு விசை = ஸ்பேனர் நீளம் × விசை × சைன் கோணம்) வரும் சைன், ஸ்பேனருக்கும் விசைக்கும் நடுவில் உள்ள கோணத்துக்கு உரியது. மேலே அது 50 பாகை. சைன் 50-ம் காஸ் 40-ம் ஒன்றே. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிடப் படம் போடுவது மேல்: விசை செல்லும் கோட்டை நீட்டி, நட்டின் மையத்திலிருந்து அதற்குச் செங்குத்து வரைந்து, அந்த நீளத்தை விசையால் பெருக்குங்கள். கால்குலேட்டரில் சைன் 50 போட்டு மைனஸ் 0.26 வந்தால், அது பாகையில் இல்லை, ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறது.

ஒரே ஸ்பேனரை இருவர் ஒரே பக்கமாகத் திருப்பினால் விசைகளைக் கூட்டிப் பெருக்கக் கூடாது. 0.35 மீட்டரில் செங்குத்தாக 200 நியூட்டன்: 70. 0.20 மீட்டரில், ஸ்பேனருக்கு 30 பாகையில் 150 நியூட்டன்: வெறும் 15. மொத்தம் 85 நியூட்டன் மீட்டர். 350-ஐ 0.35-ஆல் பெருக்கி 122 வந்துவிட்டது என்று நினைப்பவரின் நட்டு உண்மையில் இறுகியிருக்காது. எதிர்ப்பக்கம் திருப்பும் விசைக்கு மைனஸ் குறி.

ப்ளஸ் குறி வடிவில் கைகள் கொண்ட ப்ளஸ் ஸ்பேனர் எனக்குப் பிடித்தது. 20 செ.மீ. கைகள் இரண்டிலும் தலா 275 நியூட்டன், எதிரெதிர்த் திசையில். அதே 110 கிடைக்கும், ஆனால் நட்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை மிஞ்சாது. ஒற்றைக் கை ஸ்பேனர் நழுவி நட்டின் முனையை மழுக்குவதற்கு அந்தப் பக்கவிசை ஒரு முக்கியக் காரணம்.

டார்க் ரென்ச்சில் (குறித்த திருப்பு விசைக்கு அமைத்து இறுக்கும் ஸ்பேனர்) குரோஃபுட் அடாப்டர் (தலையில் மாட்டும் நீட்சித் துண்டு) மாட்டினால் கணக்கு மாறும். ரென்ச்சின் தலை மையத்திலிருந்து கைப்பிடி நடு வரை 400 மி.மீ., அடாப்டர் 50 மி.மீ. என்றால், நட்டில் 110 கிடைக்க ரென்ச்சில் வைக்க வேண்டிய அளவு (நியூட்டன் மீட்டரில்):

நேராக நீட்டி: 110 × 400 ÷ 450 = 97.8
45 பாகையில்: 110 × 400 ÷ 435.4 = 101
பின்னோக்கி மடக்கி: 110 × 400 ÷ 350 = 125.7

90 பாகையில் மாட்டினால் திருத்தமே வேண்டாம், 110-லேயே வையுங்கள். இடமிருந்தால் அப்படி மாட்டுவதே வசதி. கைப்பிடியின் நடுவைப் பிடிக்காமல் நகர்த்திப் பிடித்தால் 400 என்ற எண்ணே மாறி, மேலே போட்ட மற்ற மூன்று கணக்கும் பிசகும்.