சாவி திரும்பாத பென்ஸ், கைக்கு வராத ஆர்.சி.

நேற்று ஸ்பீடு போஸ்டில் ஆர்.சி. கார்டு வந்து சேர்ந்தது. 2012 மாடல் பென்ஸ் சி220 சிடிஐ, கர்நாடக நம்பரில் இருந்த வண்டி, இனி தமிழ்நாட்டு வண்டி. வண்டி தேடிப் பேரம் முடிக்க ஆனது இரண்டு வாரம். பேப்பர் முடிய ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் பாதியைத் தின்றது ஒரு பழைய பேங்க் கடிதமும் தப்பான ஒரு ஆர்.டி.ஓ. பெயரும். கடைசி நேரத்தில் உயிரை எடுத்தது கட்டைவிரல் அளவு மோட்டார் ஒன்று.

வண்டி பார்ப்பது பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். டபிள்யூ204 (இந்த சி கிளாஸ் மாடலின் குறியீடு) டீசலுக்கு மட்டும் சிலதைச் சேர்த்துக்கொள்கிறேன். இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்; நாம் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இந்த ஓஎம்651 இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் பின்னாலிருந்து சில நொடி கரகரவென்று சத்தம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். பார்ட் விலை பெரிதில்லை, அதை எட்டிப் பிடிக்க ஆகும் லேபர்தான் தலையில் துண்டைப் போடும். அடுத்தது வாட்டர் பம்ப். அதற்கு வாக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவையில், இயங்கும் மூடி ஒன்று உண்டு. பம்புக்குப் போகும் மெல்லிய வாக்குவம் குழாயைப் பிடுங்கி நுனியைத் தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருக்க வேண்டும். கூலன்ட் பிசுபிசுத்தால் பம்ப் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். சேதம் பம்போடு நிற்காது, வாக்குவம் லைன் வழியாக அந்தத் தண்ணீர் வால்வுகள் வரை ஏறிவிடும். கிலோமீட்டரை மீட்டரில் பார்த்து நம்பாதீர்கள். ஸ்கேனர் போட்டு மற்ற எலக்ட்ரானிக் மாட்யூல்களில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரையும், கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதெல்லாம் எங்கள் வண்டியில் சரியாகவே இருந்தது.

பார்க்காமல் விட்டது சாவியை. சாவியைச் செருகினால் ஸ்டியரிங் தண்டிலிருந்து விர்ர் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். எலக்ட்ரானிக் ஸ்டியரிங் லாக் திறக்கும் சத்தம் அது. இந்த மாடலுக்குப் பேர்போன வியாதி இந்த லாக்தான். உள்ளே இருக்கும் குட்டி மோட்டாரின் பிரஷ் தேய்ந்து ஒருநாள் நின்றுவிடும். வண்டி மொத்தமும் கல் மாதிரி உட்கார்ந்துவிடும். பத்துத் தடவை சாவியை எடுத்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை தயங்கினாலும், அந்தச் செலவைப் பேரத்தில் கழித்துவிடுங்கள். விற்றவர் "சில நேரம் ரெண்டாவது வாட்டி போட்டாதான் எடுக்கும் சார், சாவி பேட்டரி வீக்" என்றார். அந்தப் பேட்டரி ரிமோட்டுக்கானது; சாவியைச் செருகிய பிறகு லாக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தெரிந்திருந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இனி பேப்பர். பெங்களூரில் என்.ஓ.சி. (வண்டி வேறு மாநிலத்துக்குப் போக ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) போடும்போது முதலில் மாட்டியது எச்.பி., அதாவது ஆர்.சி.யில் ஏறியிருக்கும் பேங்க் கடன் பதிவு. வண்டிக் கடன் 2016-லேயே முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்தது என்று விற்றவர் பத்திரமாக வைத்திருந்த பேங்க் கடிதமும் 2016 தேதிதான். அந்தக் கடிதத்துக்கு ஆயுள் மூன்று மாதம். புதிதாகக் கடிதம் கேட்டால், கடன் கொடுத்த பிராஞ்ச் வேறு இடத்துக்குப் போயிருந்தது. கடிதமும், பேங்க் சீல் போட்ட ஃபார்ம் 35-ம் (எச்.பி. நீக்கும் படிவம்) கைக்கு வர ஐந்து வாரம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைத் தட்டி, ஃபைனான்ஸ் என்ற இடத்தில் ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எச்.பி. கேன்சல் ஆன பிறகே மீதிப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே ஈ-செல்லானையும் பார்த்துவிடுங்கள். கட்டாத அபராதம் பாக்கி இருந்தால் என்.ஓ.சி. நகராது.

அடுத்தது முழுக்க என் தவறு. என்.ஓ.சி.யில் வண்டி எந்த மாநிலத்துக்குப் போகிறது என்பதோடு எந்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறது என்பதும் அச்சாகும். சென்னையில் தெரு தாண்டினால் ஆபீஸ் எல்லை மாறிவிடும். ஆதாரில் இருக்கும் முகவரி எந்த ஆபீசில் வருகிறது என்று சரிபார்க்காமல், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆபீசின் பெயரைக் கொடுத்துவிட்டேன். இங்கே கவுன்ட்டரில் இருந்தவர் என்.ஓ.சி.யை அரை நிமிடம் பார்த்தார். "இது எங்களுக்கு வந்தது இல்லை சார், திருத்தி வாங்கிட்டு வாங்க." அவ்வளவுதான். மறுபடி பெங்களூர், மறுபடி விற்றவரின் கையெழுத்து, மூன்று வாரம்.

புரோக்கர்கள் "பன்னிரண்டு மாசம் டைம் இருக்கு, பதறாதீங்க" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவில் அந்த 12 மாதம் வருவது வெளிமாநில நம்பரை மாற்றிக்கொள்ள. பெயர் மாற்றத்துக்கு 50-ஆம் பிரிவு: வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்றவர் 45 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் விற்றவரின் கையெழுத்து வேண்டும். ஆபீஸ் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகவும் வேண்டும். பூர்த்தி செய்த செட் ஒன்றை உபரியாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டதுதான் இந்த ஐந்து மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். சாலை வரியைப் பற்றி ஒரு வரி: நாம் கொடுத்த விலைக்கு வரி போட மாட்டார்கள், வண்டியின் ஆதி விலையையும் வயதையும் வைத்துத்தான் கணக்கு. பழைய பென்ஸை நாலு லட்சம் குறைத்து வாங்கிவிட்டோம் என்று பூரிப்பதற்கு முன் அந்தத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபீசில் கேட்கும் சேஸிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் தனிக் கூத்து. பேப்பரை வண்டி உடலில் குத்தியிருக்கும் அந்த நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதுதான். ஆனால் இந்தக் காரில் நம்பர் எங்கே? ஆபீஸ் வாசலில் பிரிண்ட் எடுக்கும் தம்பி பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் தடவினார். முன் வலது சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, தரைக் கார்பெட்டில் வெட்டி விட்டிருக்கும் மடிப்பைத் தூக்கினால் கீழே தகட்டில் குத்தியிருக்கும். அழுக்கு அப்பியிருக்கும், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு எடுத்தால்தான் எழுத்து தெளிவாக விழும். முதல் தடவை துடைக்காமல் எடுத்ததில் எட்டு எது, மூன்று எது என்று தெரியாமல் திருப்பி அனுப்பினார்கள்.

ஒருவழியாக ஒரிஜினல் ஆர்.சி.யையும் ஃபார்ம்களையும் கவுன்ட்டரில் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். ஞாயிறு காலை சாவியைச் செருகினால் சத்தம் இல்லை. விர்ர் இல்லை. மீட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

கம்பெனி சர்வீசுக்கு போன் போட்டால், ஸ்டியரிங் லாக், சாவி, இக்னிஷன் சுவிட்ச் எல்லாம் திருட்டு சம்பந்தப்பட்ட பாகங்களாம். சேஸிஸ் நம்பருக்கு ஆர்டர் போட்டுத்தான் வரும்; அதற்கு ஆர்.சி.யும் ஓனரின் அடையாள அட்டையும் வேண்டும். "ஆர்.சி. உங்க பேர்ல இருக்கா சார்?" இல்லை. "அப்ப பழைய ஓனர் நேர்ல வரணும், ஒரிஜினல் ஆர்.சி.யோட." ஒரிஜினல் ஆர்.டி.ஓ. ஆபீசில். வண்டியைக் காட்டினால்தான் ஆர்.சி. வரும், ஆர்.சி. இருந்தால்தான் பார்ட் வரும், பார்ட் போட்டால்தான் வண்டி நகரும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

இந்த விதி வேண்டாத விதி என்று சொல்ல மாட்டேன். அது இருப்பதால்தான் கண்டவன் சாவி செய்து வண்டியைக் கிளப்ப முடிவதில்லை. ஆனால் பேப்பர் கைமாறும் அந்த இரண்டு மூன்று மாதம் வண்டிக்கு ஓனரே இல்லாத மாதிரி. பழைய பென்ஸில் போக வாய்ப்புள்ள லாக் சம்பந்தமான எதையும், ஆர்.சி.யைக் கவுன்ட்டரில் கொடுப்பதற்கு முன்பே, பழைய ஓனர் கூட இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

பிறகு நடந்ததைச் செய்முறையாகவே சொல்கிறேன், யாருக்காவது நடு ரோட்டில் உதவும். எலக்ட்ரானிக்ஸ் மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் போனிலேயே சொன்னார்: "அண்ணே, டோ பண்ணாதீங்க. ஸ்டியரிங் தண்டுக்கு அடியில தட்டிக்கிட்டே சாவியைப் போடுங்க." ஸ்க்ரூடிரைவரின் பிடியால், கண்ணாடியைத் தட்டுகிற வேகத்தில். தேய்ந்த பிரஷ் ஒரு கணம் ஒட்டினால் போதும். ஒருவர் தட்ட ஒருவர் செருக, பதினேழாவதோ பதினெட்டாவதோ தடவை விர்ர். அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். லாக் திறந்துவிட்டால் இன்ஜினை அணைக்கலாம், ஆனால் சாவியை உருவக் கூடாது. உருவிய கணம் மறுபடி பூட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் "ஆஃப் பண்ணுங்க" என்றார், அணைத்தேன். "சாவியைக் குடுங்க, டிக்கியைத் திறக்கணும்" என்றபோது டிரைவர் கதவில் இருக்கும் பட்டனை அழுத்தித் திறந்து காட்டினேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இடையில் வண்டியை விட்டுப் போக வேண்டியிருந்தால் இரண்டாவது சாவிக்குள் இருக்கும் இரும்பு நாக்கால் டிரைவர் கதவைப் பூட்டலாம். ஒற்றைச் சாவியோடு விற்கிற வண்டியை வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். சாவியை விட்டபடி ராத்திரி முழுக்க நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

அங்கிருந்து நேராக அந்த மெக்கானிக்கிடம். லாக் திறந்த நிலையில் இருந்ததால் யூனிட்டைச் சுலபமாகக் கழற்ற முடிந்தது. பூட்டிய நிலையில் போயிருந்தால் கூட்டைக் குடைந்தோ அறுத்தோதான் எடுக்க வேண்டும். மோட்டாரை மட்டும் மாற்றுவது ஒரு வழி, ஆனால் யூனிட் பல தடவை ஃபால்ட் பதிந்து தன்னையே முடக்கிக்கொண்டிருந்தால் அது போதாது. எமுலேட்டர் போட்டோம். லாக் திறந்துவிட்டது என்று இக்னிஷனுக்குச் சொல்லும் சின்னப் பெட்டி அது. கம்பெனிப் பாகத்தோடு பார்த்தால் விலை மலைக்கும் மடுவுக்கும். இனி ஸ்டியரிங் பூட்டாது என்பதுதான் குறை. சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப விடாத இம்மொபிலைசர் வேலை செய்வதால் எனக்குப் பரவாயில்லை. பழைய யூனிட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் வேலைகள் பெரிதாகப் படுத்தவில்லை. இன்ஜின் ஆயில் ஃபில்டரோடு 6.5 லிட்டர், 5டபிள்யூ-30, டப்பாவில் எம்பி 229.51 என்ற பென்ஸ் தரக் குறியீடு இருக்க வேண்டும். ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் மெக்கானிக்கோடு நின்று பாருங்கள். ஆயில் அளவை 45 டிகிரி சூட்டில், இன்ஜின் ஓடும்போது, ஸ்கேனரில் சூட்டைப் பார்த்துத்தான் சரி செய்ய வேண்டும். பிந்தைய கியர்பாக்ஸுக்கு 236.15 நீல ஆயில், முந்தையதற்கு 236.14 சிவப்பு, எது என்று சேஸிஸ் நம்பரை வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இன்ஜெக்டர் ஓரம் தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தால் அடியில் செப்பு வாஷர் கசிகிறது. கழற்றினால் வாஷரோடு போல்ட்டும் புதிது. வேப்ப மரத்தடியில் நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழே சேரும் சருகை மழைக்கு முன் அள்ளிவிடுங்கள். வடிகால் அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கிவிடலாம்.

இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றம் ஒரே நாளில் முடிந்தது. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் நமக்கு வராது. பாக்கி இருப்பது கர்நாடகத்தில் வரி ரீஃபண்ட். புது ஆர்.சி. நகல், என்.ஓ.சி. நகல், பழைய வரி ரசீது எல்லாம் ஃபைலில் இருக்கிறது. கேட்டால் இருக்கட்டும் என்று துடைத்து எடுத்த பென்சில் பிரிண்ட் நான்கையும் கூடவே வைத்திருக்கிறேன்.