சின்ன கேமராவா, எஸ்.எல்.ஆரா?
பத்து நாளாக இதே யோசனை. ஞாயிற்றுக்கிழமை மச்சானின் எஸ்.எல்.ஆரை (லென்ஸ் மாற்றிப் போடக்கூடிய பெரிய கேமரா) இரவல் வாங்கி, என் சின்ன டிஜிட்டல் கேமராவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குப் போனேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நிழலில் நிற்கும் ஒரு யாளித் தூணை, ஃபிளாஷ் போடாமல் இரண்டிலும் எடுத்தேன். சின்னதில் யாளியின் பல்வரிசை புள்ளிபுள்ளியாகக் குழைந்துவிட்டது, எஸ்.எல்.ஆரில் உளி பட்ட கோடு வரைக்கும் தெரிகிறது! காரணம் மெகாபிக்சல் இல்லை, உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, அதாவது சென்சார்தான். சாதாரண சின்ன கேமராவில் அது ஏறக்குறைய 6 மி.மீ. அகலம், ஏபிஎஸ்-சி என்ற சென்சார் அளவு கொண்ட எஸ்.எல்.ஆரில் 22, 23 மி.மீ.; பரப்பளவில் பத்து மடங்குக்கு மேல், அத்தனை வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும்.

எடைதான் கஷ்டம், கோட்டையை ஒரு சுற்று வருவதற்குள் கழுத்து வலி. அப்புறம் அகழி ஓரம் மகள் கோன் ஐஸ் முழங்கை வரை வழிய வழியச் சிரித்தாளே, அப்போது எஸ்.எல்.ஆர் பைக்குள் இருந்தது, சட்டைப்பையில் இருந்ததுதான் சட்டென்று கைக்கு வந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் அந்தப் படம் எனக்கு உயிர்.

சரி, முடிவு செய்துவிட்டேன். எனக்குக் கல்தூண்கள் வேண்டும், எஸ்.எல்.ஆர்தான். சின்னது இனி மகளுக்கு. காட்பாடி, ஆற்காடு பக்கம் யாராவது 50 மி.மீ. எஃப் 1.8 லென்சோடு (குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்றது) பழைய எஸ்.எல்.ஆர் விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.